ஃபான் ராங்கில் தை அமாவாசை

ஜனவரி 22, 2025, புதன். சைகோன்

இன்றோடு வகுப்புகள் முடிந்தன. இனி பிப்ரவரி 5ஆம் தேதிதான் எங்கள் ஆங்கில மையம் திறக்கும். தெத் விடுமுறை. நம் பத்திரிகைகள் 'டெட் பண்டிகை' என்று எழுதுகின்றன. வியட்நாமியர்கள் நாக்கு பல்லைத் தொட்டுத்தான் அதைச் சொல்கிறது: தெத். சந்திரக் கணக்கில் வரும் புத்தாண்டு.

கடைசி வகுப்பு எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு. பதினான்கு பேரில் ஒன்பது பேர்தான் வந்திருந்தார்கள். மற்றவர்கள் அப்பா அம்மாவோடு மோட்டார் சைக்கிளில் ஏறி ஊருக்குப் போயாகிவிட்டது. புத்தகத்தை மூடிவிட்டு, தெத்துக்கு யார் யார் வீட்டுக்குப் போவீர்கள் என்று கேட்டேன். ஒரு பையன் எழுந்து, பாட்டியிடம் பேசும்போதும் 'யூ', தம்பியிடம் பேசும்போதும் 'யூ' தானா என்று அவன் மொழியில் கேட்டான். துணையாசிரியை எனக்குச் சொன்னாள். ஆமாம் என்றேன். அவன் நம்பியதாகத் தெரியவில்லை.

அவன் கேட்டதில் நியாயம் இருக்கிறது. இங்கே வீட்டுக்குள் புழங்க 'நான்', 'நீ' என்று பொதுவான சொல் இல்லை. அக்கா தன்னை 'அக்கா' என்றே சொல்லிக்கொள்வாள். மாணவன் என்னிடம் பேசும்போது தன்னைக் 'கோன்' என்பான். பிள்ளை என்று பொருள். எதிரே நிற்பவர் வயது தெரியாமல் ஒரு வாக்கியம் பேச முடியாது. வந்த புதிதில் பார்த்தவர் எல்லாம் என் வயதைக் கேட்டதற்குக் காரணம் அதுதான். உடன் வேலை செய்யும் வெள்ளைக்காரர்களுக்கு அந்தக் கேள்வி பிடிப்பதில்லை. எனக்கோ தூத்துக்குடி பஸ்சில் பக்கத்து சீட்டு ஆச்சி "நீ யாரு வீட்டுப் புள்ள?" என்று கேட்ட மாதிரி இருந்தது.

அறைக்குத் திரும்பியபோது வீட்டுக்கார அம்மா அடுப்படியில் பூஜை போட்டுக்கொண்டிருந்தார். அடுப்புச் சாமி இன்று மேலுலகம் போய், வீட்டில் ஆண்டு முழுக்க நடந்ததைச் சொல்வாராம். அவர் ஏறிப் போக வடக்கே கெண்டை மீன், இங்கே தெற்கே காகிதத்தில் செய்த கொக்கும் குதிரையும். நல்லதாகச் சொல்லட்டும் என்று இனிப்பு வைத்திருந்தார். என்ன இனிப்பு என்று குனிந்து பார்த்தால், கடலை மிட்டாயும் எள்ளு மிட்டாயும். கோவில்பட்டிக்காரர்கள் பார்க்க வேண்டும்.

ஐந்து பழத் தட்டுக்கு இப்போதே வாங்கி அடுக்கியிருக்கிறார். முள்சீத்தா, தேங்காய், பப்பாளி, மாம்பழம். இந்த நான்கின் பெயர்களைத் தெற்கத்தி உச்சரிப்பில் சேர்த்துச் சொன்னால் 'செலவுக்குப் போதுமான அளவு கொடு' என்று வேண்டுகிற மாதிரி ஒலிக்கும். அள்ளிக் கொடு என்று கேட்கவில்லை, போதுமானதைக் கொடு என்று கேட்கிறார்கள். எனக்கு அது ரொம்பப் பிடித்திருக்கிறது.

எனக்கும் அந்த வேண்டுதல் பொருந்தும். பதின்மூன்று நாள் விடுமுறையில் தெத்துக்கான ஐந்து நாளுக்குத்தான் சம்பளம். மணிக்கணக்கில் கூலி வாங்கும் ஆசிரியர்களுக்கு மீதி நாள் வெறும் நாள். போன வருடம் வேறொரு மையத்தில் இருந்தேன். அங்கே அந்த ஐந்து நாளுக்கும் கொடுக்கவில்லை. கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. ஒப்பந்தம் இரண்டு மொழியில் இருந்தும் நான் சம்பள எண்ணை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருந்தேன். கடைகள் எல்லாம் அடைத்துவிட, பாக்கெட் நூடுல்ஸைத் தின்றுகொண்டு ஒரு வாரம் அறையில் கிடந்தேன். அந்த வாரம் அழுத மாதிரி இந்த நாட்டில் வேறு எப்போதும் அழுததில்லை.

திருச்சிக்கு இங்கிருந்து நேர் விமானம் இருக்கிறது. ஆனால் தெத் சமயத்து டிக்கெட் விலையில் அம்மாவுக்கு மூன்று மாதத்துக்குப் பணம் அனுப்பிவிடலாம். இந்த முறை ஊருக்கும் போகவில்லை, அறையிலும் கிடக்கப் போவதில்லை. துணையாசிரியை ஃபான் ராங்கில் இருக்கும் தன் வீட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறாள்.

ஜனவரி 24, வெள்ளி

தை இரண்டாம் வெள்ளி. ட்ருவோங் தின் தெரு மாரியம்மன் கோவிலுக்குப் போனேன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் நம் ஆட்கள் கட்டியது. செட்டியார்கள் வட்டிக்கடை வைத்திருந்தார்கள். புதுச்சேரி, காரைக்காலிலிருந்து வந்தவர்கள் பிரெஞ்சு அரசாங்க உத்தியோகம் பார்த்தார்கள். 1975க்குப் பிறகு பெரும்பாலோர் கிளம்பிவிட்டார்கள். அம்மன் இருக்கிறாள்.

இன்று வரிசையில் நின்றவர்களில் நான் ஒருத்திதான் தமிழ். கருவறைக்குப் பின்பக்கக் கல்சுவரில் ஒரு வியட்நாமியப் பெண் நெற்றியை ஒட்டி வைத்து, வாய் அசைய நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தாள். பலர் இப்படித்தான் செய்கிறார்கள். கைபட்டும் நெற்றிபட்டும் கல் மழமழவென்று ஆகியிருந்தது. அவள் போனதும் அதே இடத்தில் நானும் நெற்றியை வைத்தேன். கல் இன்னும் சூடாக இருந்தது.

ஜனவரி 25, சனி. ரயிலில்

அரசாங்க விடுமுறை இன்று தொடங்கி ஒன்பது நாள். சைகோன் ரயில் நிலையத்தில் நிற்க இடமில்லை. தெத்துக்கு முன்னால் வடக்கே போகிற வண்டி நிரம்பி வழியும், தெற்கே வருகிற வண்டி காலியாக வரும். டிக்கெட்டை அக்டோபரிலேயே துணையாசிரியை வாங்கிவிட்டதால் உட்கார இடம் கிடைத்தது. நடைவழியில் பிளாஸ்டிக் முக்காலி போட்டு அதற்கும் டிக்கெட் விற்கிறார்கள். என் முழங்காலை இடித்துக்கொண்டு ஒரு கட்டடத் தொழிலாளி முக்காலியில் உட்கார்ந்திருந்தார். மடியில் பிஸ்கட் டின், அதன்மேல் ஒரு பெண்குழந்தையின் புதுச் செருப்பு. ஏழு மணி நேரம் அந்தச் செருப்பைக் கீழே வைக்கவில்லை.

அவளை நான் 'எம்' என்று கூப்பிடுகிறேன், தங்கை என்று பொருள். அவளுக்கு நான் 'சீ', அக்கா. 23 வயது. வகுப்பில் நான் ஆங்கிலத்தில் நடத்த, கடைசி பெஞ்ச் பக்கம் நின்று பிள்ளைகளைக் கட்டி மேய்ப்பவள் அவள். அவள் இல்லாவிட்டால் என் பாடம் பாதிப் பேர் காதில் ஏறாது. அவள் சம்பளம் என்னுடையதில் கால்வாசிகூட இல்லை. பக்கத்து அறையில் வகுப்பு எடுக்கும் இங்கிலாந்துக்காரர் சம்பளம் என்னுடையதைவிட அதிகம். பிறந்த நாட்டை வைத்து விலை போடும் தொழில் இது. வருகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு வருவது நல்லது.

வண்டி பியென் ஹோவா தாண்டியதும் போன வருடக் கதையை அவளிடம் சொன்னேன். அவள் கைப்பேசியில் தொழிலாளர் சட்டத்தை எடுத்து வாசிக்க ஆரம்பித்துவிட்டாள். 2019இல் இயற்றிய சட்டம், 112ஆம் பிரிவு. ஆண்டுக்குப் பதினோரு நாள் சம்பளத்தோடு விடுமுறை. அதில் தெத்துக்கு ஐந்து. அதோடு இன்னொரு வரி: வெளிநாட்டுத் தொழிலாளிக்கு அவருடைய சொந்தப் பாரம்பரியப் புத்தாண்டுக்கு ஒரு நாள், அவர் நாட்டின் தேசிய தினத்துக்கு ஒரு நாள் கூடுதலாக. "சீ, உங்க ஊர்த் தெத்துக்கு லீவு உண்டு" என்றாள். இரண்டு வருடமாக இந்த நாட்டில் வேலை பார்க்கிறேன், எனக்கு இது தெரியாது. சித்திரை ஒன்றாம் தேதி நான் வகுப்பு எடுத்திருக்கிறேன்.

பின் துவான் மாகாணம் முழுக்க டிராகன் பழத் தோட்டங்கள். கம்பங்களுக்கு நடுவே மின்விளக்கு தொங்குகிறது. பருவமில்லாத காலத்தில் பூக்க வைப்பதற்கு ராத்திரியில் எரிப்பார்கள். அப்புறம் பச்சை குறைந்தது. மண் வெளுத்தது. முள்செடியும் கள்ளியும் வெள்ளாடும் வந்தன. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த எனக்கு ஏதோ மணியாச்சி தாண்டிப் போகிற மாதிரி இருந்தது. 318 கிலோமீட்டர் வந்து தாப் சாம் நிலையத்தில் இறங்கினோம். சாம் என்னும் இனத்தாரின் கோபுரம் என்பதுதான் நிலையத்தின் பெயருக்கே பொருள். குன்றின்மேல் செங்கல் கோபுரம் தெரிந்தது. அங்கே பிறகு போகிறோம்.

ஜனவரி 26, ஞாயிறு. ஃபான் ராங்

நின் துவான் வியட்நாமிலேயே மழை குறைந்த பகுதி. அதனால் இங்கே நன்றாக விளைபவை: திராட்சை, ஆட்டுக்கறி, உப்பு. எம்மின் அப்பா திராட்சை விவசாயி. கம்பம் பக்கம் போடுகிற அதே பந்தல்.

காலையில் அவள் அப்பாவே மோட்டார் சைக்கிளில் என்னை நின் ஹாய் பக்கத்து உப்பளத்துக்குக் கூட்டிப் போனார். என் அப்பா அளத்துக்காரர் என்று எம் சொல்லியிருக்கிறாள். முப்பத்தொரு வருடம் தூத்துக்குடி அளத்தில் உப்பு வாரியவர். 2019இல் போய்ச் சேர்ந்தார்.

பாத்தி கட்டியிருக்கிற விதம், தண்ணீரை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் திருப்பி வெயிலில் வற்ற விடுகிற விதம், எல்லாம் எனக்குத் தெரிந்ததுதான். சில பாத்திகளில் அடியில் கறுப்புத் தார்ப்பாய் விரித்திருந்தார்கள். மண் ஒட்டாமல் உப்பு வெள்ளையாக வரும். தை மாதத்தில் நம் பக்கம் மழைத் தண்ணீரை இறைத்துவிட்டுப் பாத்தியை மிதித்து இறுக்குகிற காலம். இங்கே அதற்குள் முதல் உப்பு வந்துவிட்டது. கூம்புத் தொப்பியும் முகத்தை மூடிய துணியுமாக ஒரு பெண் மரப்பலகையால் உப்பைத் தன் பக்கம் இழுத்தாள். ஈரஉப்பு பலகையில் உரசுகிற சத்தம். அப்பா இழுக்கும்போது கேட்ட சத்தம். பதினைந்து வயதுக்குப் பிறகு நான் அதைக் கேட்டதில்லை.

அவள் கால்களைப் பார்த்தேன். ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தாள். அப்பாவுக்கு அதுகூடக் கிடையாது. உள்ளங்காலில் வெடிப்பும் புண்ணும் ஆறியதே இல்லை. உப்பின் வெள்ளையில் கண்ணும் போயிற்று. பலகையை வாங்கி நானும் நாலு இழுப்பு இழுத்தேன். எம்மின் அப்பா என்னவோ சொல்ல, அந்தப் பெண் துணியை இறக்கி என்னை நன்றாகப் பார்த்துத் தலையசைத்தாள். "உப்பு வீட்டுப் பெண் என்று சொன்னேன்" என்று அவர் கைஜாடையும் அரைகுறை ஆங்கிலமுமாக விளக்கினார்.

சாயந்திரம் தெருமுனையில் பாஞ் கன் சாப்பிட்டோம். குழி குழியான மண்சட்டி, அரிசி மாவு, கரி அடுப்பு, குழிக்கு ஒரு மண்மூடி. முட்டை ஊற்றியது, மீன் வைத்தது எல்லாம் உண்டு. பணியாரம்தான், வேறு பெயர் வைக்க எனக்கு வாய் வரவில்லை. தேங்காய்ச் சட்னிக்குப் பதில் மீன் சாறு.

ஜனவரி 28, செவ்வாய்

வருடக் கடைசி நாள். வழக்கமாக முப்பதாம் நாளைத்தான் கடைசி நாளாகச் சொல்வார்கள். இந்த ஆண்டு கடைசி மாதத்தில் இருபத்தொன்பது நாள்தான். 2033 வரை முப்பதாம் நாளே வராதாம். எம்மின் பாட்டிக்கு 81 வயது. "அடுத்த முப்பதாம் நாளை நான் பார்க்க மாட்டேன்" என்று சாதாரணமாகச் சொன்னார்.

நேற்று ராத்திரி முழுக்க முற்றத்தில் பாஞ் தெத் வெந்தது. ஒட்டுகிற அரிசி, பாசிப்பருப்பு, பன்றிக் கொழுப்பு, எல்லாம் வாழை இலையில் உருட்டிக் கட்டி எட்டு மணி நேரத்துக்கு மேல் கொதிக்க வேண்டும். எனக்குப் பன்றி பழக்கமில்லை என்று தெரிந்து, உள்ளே வாழைப்பழம் வைத்து நாலு தனியாகக் கட்டி, சிவப்பு நூல் முடிந்து அடையாளம் வைத்திருந்தார் பாட்டி. அடுப்புக்கு விறகு தள்ளிக்கொண்டு ஆளுக்கு ஆள் முறை போட்டு விழித்திருந்தோம். பொங்கலுக்கு முந்தின ராத்திரி எங்கள் வீட்டு முற்றம் இப்படித்தான் இருக்கும்.

மத்தியானம் முன்னோர்களை வீட்டுக்கு அழைக்கும் படையல். படங்களைத் துடைத்து, ஏழு கிண்ணம் ஏழு சோடி குச்சி வைத்து, சோறு, குழம்பு, டீ, ஒரு சிகரெட்டுகூட வைத்தார்கள், தாத்தா புகைப்பவராம். பாட்டி மூன்று ஊதுபத்தி ஏற்றி உரக்கப் பேசினார். எம் என் காதருகில் சொல்லிக்கொண்டே வந்தாள். தன் பெயர், வயது, பிறகு வீட்டு எண், தெரு, வார்டு, நகரம், மாகாணம். முழு விலாசம். ஏன் என்று கேட்டேன். வருகிறவர்களுக்கு வழி தெரிய வேண்டாமா என்றாள்.

எனக்கு அப்பா இல்லை என்பது பாட்டிக்குத் தெரியும். படையல் முடிந்ததும் என்னைக் கையைப் பிடித்து முற்றத்துக்குக் கூட்டிப் போனார். அங்கே ஒரு தூணின்மேல் வானத்துக்கென்று சின்னப் பீடம் இருக்கிறது. வீட்டுக்குள் இருக்கும் பீடம் அவர்கள் குடும்பத்துக்கு, இது எல்லாருக்கும். மூன்று பத்தியைக் கொடுத்து, "உன் அப்பாவிடம் சொல்லு" என்றார். என்ன சொல்ல என்றேன். "விலாசத்தைத்தான்."

தமிழில் சொன்னேன். என் பெயர், வயது, அப்பா பெயர், பிறகு எம் சொல்லச் சொல்ல அந்த வீட்டின் எண், தெரு, ஃபான் ராங்-தாப் சாம் நகரம், நின் துவான், வியட்நாம். அப்பா தூத்துக்குடி ஜில்லாவைத் தாண்டிப் போனது மதுரைக்கு மட்டும்தான், கண் ஆஸ்பத்திரிக்கு.

ஜனவரி 29, புதன். தெத் முதல் நாள்

நம் காலண்டரில் இன்று தை அமாவாசை. அமாவாசை ஒன்றுதான். இவர்கள் அதில் வருடத்தைத் தொடங்குகிறார்கள், நாம் அதை இறந்தவர்களுக்கு வைத்திருக்கிறோம். ஆனால் இந்த வீட்டில் இரண்டும் ஒன்றாகவே நடக்கின்றன.

இங்கே நேரம் நமக்கு ஒன்றரை மணி முன்னால். ஏழரை மணிக்குத் தம்பி வீடியோவில் வந்தான். திருச்செந்தூர்க் கடற்கரை, சரியான கூட்டம், எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டு ஈர வேட்டியோடு நின்றான். கைப்பேசியைப் பாட்டி வாங்கி அவனையும் கடலையும் பார்த்துவிட்டு, "இன்றைக்கேயா?" என்று இரண்டு தரம் கேட்டார். பிறகு எனக்கு அடுத்த தட்டில் ஒரு சோடி குச்சியைக் கூடுதலாக வைத்தார்.

மற்றதைச் சுருக்கமாக எழுதுகிறேன். முதலில் வாசற்படி மிதிப்பவர் கையில்தான் அந்த ஆண்டின் ராசி. எம்மின் சித்தப்பா எருது வருடத்தில் பிறந்தவர், பாம்பு வருடத்துக்குப் பொருத்தம் என்று அவரைச் சொல்லி வைத்திருந்தார்கள். அவர் வருகிறவரை யாரும் வெளியே போய்த் திரும்பவில்லை. இன்று வீட்டைப் பெருக்கக் கூடாது, ராசியும் சேர்ந்து போய்விடும். போகியன்று மூலை முடுக்கெல்லாம் கூட்டிய கைக்குச் சும்மா இருப்பது கஷ்டமாக இருந்தது. தர்ப்பூசணி விதையின் சிவப்புத் தோல் தரை முழுக்கக் கிடந்தது. பட்டாசு 1995இலிருந்து தடை, நகராட்சி வாணவேடிக்கை உண்டு.

பிள்ளைகளுக்குச் சிவப்பு உறையில் புது நோட்டு, லீ சீ. தலைக்கு ஐம்பதாயிரம் டாங் வைத்தேன், நம் காசில் நூற்றெழுபது ரூபாய் போல. எனக்கும் ஒன்று வந்தது, பாட்டியிடமிருந்து. இந்திய வயது 39, இவர்கள் கணக்கில் இன்று முதல் 41. பாட்டிக்கு நான் 'கோன்', பிள்ளை. அந்தச் சொல்லை இத்தனை நாள் என்னிடம் மாணவர்கள்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ஜனவரி 30, வியாழன்

எம்மின் அம்மா வழிச் சொந்தங்களின் வீடுகள். ஒன்பது வீடு, ஒன்பது வேளைச் சாப்பாடு.

ஜனவரி 31, வெள்ளி. மூன்றாம் நாள்

முதல் நாள் தகப்பன் வழிக்கு, இரண்டாம் நாள் தாய் வழிக்கு, மூன்றாம் நாள் ஆசிரியருக்கு. இந்த முறை இங்கே பழமொழியாகவே இருக்கிறது. நவம்பர் 20 ஆசிரியர் தினத்துக்குப் பூச்செண்டுகள் வந்தபோதுகூட இந்த நாளை நான் இவ்வளவு பெரிதாக நினைக்கவில்லை.

எம் தன் பள்ளிக்கூட ஆசிரியர் வீட்டுக்குக் கூட்டிப் போனாள். ஆண் ஆசிரியரைத் 'தய்' என்கிறார்கள். சந்துக்குள் ஓட்டு வீடு. வாசலில் இருபது, முப்பது செருப்பு. உள்ளே நரைத்த தலை மாணவர்கள் தரையில், தய் மட்டும் மரப் பெஞ்சில். ஒருவர் மீன்பிடிப் படகுக்காரர், ஒரு அம்மா மருத்துவமனையில் நர்ஸ். வாசலில் நின்று கை கட்டிக் குனிந்து, உத்தரவு கேட்டு, பிறகுதான் உட்கார்ந்தார்கள்.

தய்க்கு 76 வயது. நான் ஆங்கில ஆசிரியை என்றதும் எழுந்து பக்கத்தில் இடம் விட்டார். மெதுவான, ஒவ்வொரு சொல்லையும் முழுதாக உச்சரிக்கிற ஆங்கிலம். அவர் முதலில் படித்ததும் கற்றுக்கொடுத்ததும் ரஷ்ய மொழி. 1975க்குப் பிறகு பள்ளிகளில் அதற்குத்தான் மரியாதை. 1991இல் சோவியத் யூனியன் இல்லாமல் போனது. ஓரிரு ஆண்டில் ரஷ்ய வகுப்புக்கு மாணவர்களே இல்லை. நாடு முழுக்க ரஷ்ய ஆசிரியர்களை ஆங்கிலத்துக்கு மாற்றினார்கள். அவருக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது. பகலில் வகுப்பு, ராத்திரியில் கேசட்.

"என் மாணவர்களுக்கு ஒரு பாடம் மட்டும் முன்னால் இருந்தேன்" என்றார். "சில வாரம் அதுவும் இல்லை."

அலமாரியில் ரஷ்ய அகராதி இருந்தது. முதுகுத்தோல் கிழிந்து, நூல் போட்டுத் தைத்திருந்தார். அதை எடுத்து என் கையில் கொடுத்தார். வரிக்கு வரி பென்சில் குறிப்புகள். நான் முகர்ந்து பார்த்தேன், கற்பூர வாசம். பூச்சி வராமல் உருண்டை போட்டு வைத்திருக்கிறார். பேச ஆள் இல்லாத மொழியின் புத்தகத்தை முப்பது வருடமாகக் காப்பாற்றி வைத்திருக்கிறார்.

அப்புறம் தொழில் பேச்சு. வியட்நாமியப் பிள்ளைகள் சொல்லின் கடைசி மெய்யை விழுங்கிவிடுவார்கள். 'பஸ்' என்பது 'ப' என்று நிற்கும், 'லைக்' என்பது 'லை' என்று நிற்கும். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் தலைகீழ், கடைசியில் ஒரு உகரம் சேர்த்து 'பஸ்ஸு' என்பார்கள் என்றேன். அவர் ரசித்துக் கேட்டார். இரண்டையும் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். வகுப்பில் 'பஸ்ஸு' என்று முதலில் சொல்ல வைத்து, பிறகு உகரத்தை மெல்லமாக உதிர்க்கச் சொன்னால் என்ன என்று அவர்தான் கேட்டார். இரண்டு ஆண்டில் எனக்கு இது தோன்றவில்லை. நான் அவருக்கு ஙகரத்தைச் சொன்னேன். 'ஙுயென்' என்று இங்கே நிறையப் பேருக்குக் குடும்பப் பெயர். வெள்ளைக்காரர் வாயில் நுழையாது. தமிழில் அதற்குத் தனி எழுத்தே இருக்கிறது, ஞகரத்துக்கும் இருக்கிறது என்று நோட்டில் எழுதிக் காட்டினேன். அதற்குக் கீழே அவரும் எழுதிப் பார்த்தார்.

ஆங்கிலத்தைப் பள்ளிகளில் படிப்படியாக இரண்டாம் மொழி ஆக்க வேண்டும் என்று போன ஆகஸ்டில் கட்சியின் அரசியல் குழு சொல்லியிருக்கிறது. அதைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டேன். நல்லது என்றார். கற்றுக்கொடுக்க ஊருக்கு ஊர் ஆள் வேண்டுமே, அவர்களைக் காப்பாற்றி வைப்பார்களா என்று திருப்பிக் கேட்டார். எம்மைப் பார்த்தபடிதான் கேட்டார்.

கிளம்பும்போது எனக்கும் லீ சீ கொடுத்தார், பத்தாயிரம் டாங் புது நோட்டு. என்னை 'எம்' என்று கூப்பிட்டார். மாணவிக்கும் அதே சொல்தான்.

பிப்ரவரி 1, சனி

போ க்லோங் கராய் கோபுரம். பதின்மூன்றாம் நூற்றாண்டு முடிகிற காலத்தில் சாம் அரசன் ஜய சிம்மவர்மன் கட்டியது. குன்றுக்கு வெற்றிலைக் குன்று என்று பெயர். வாசலுக்கு மேலே ஆறு கையோடு ஆடுகிற சிவன், உள்ளே நந்தி, கருவறையில் போ க்லோங் கராய் அரசனின் முகம் செதுக்கிய லிங்கம். உழவர்கள் நல்ல விளைச்சல் வேண்டி நந்திக்குப் புல்லும் தழையும் வைப்பது வழக்கமாம். சாம் மக்கள் இன்றும் இங்கே கும்பிடுகிறார்கள். இது அவர்கள் கோவில். நம் ஊரிலிருந்து வருகிறவர்கள் 'நாம் கட்டியது' என்று நெஞ்சைத் தூக்கிப் பேசுவதைக் கேட்டிருக்கிறேன், வருத்தமாக இருக்கும். எழுத்தும் தெய்வமும் தென்னிந்தியக் கரையிலிருந்து வந்தன, சரி. செங்கல்லை அடுக்கியது அவர்கள் கை.

மத்தியானம் பாவ் ட்ரூக், சாம் குயவர் கிராமம். பெண்கள்தான் வனைகிறார்கள். சக்கரம் இல்லை. களிமண்ணை ஒரு மேடையில் வைத்துவிட்டு, அந்த அம்மா குனிந்தபடி அதைச் சுற்றிப் பின்னோக்கி நடந்தார். பானை நிற்கிறது, குயவர் சுற்றுகிறார். விளிம்பை ஈரத்துணியால் வழிக்கும்போது கால் ஒரே வேகத்தில் போயிற்று, ஒரு தடவைகூடக் கீழே பார்க்கவில்லை. 2022இல் யுனெஸ்கோ இந்தக் கலையை உடனடியாகக் காப்பாற்ற வேண்டியவற்றின் பட்டியலில் சேர்த்தது. பாஞ் கன் சட்டி இரண்டு வாங்கினேன். ஒன்று அம்மாவுக்கு.

முன்னோர்களை வழியனுப்பும் சடங்கு சாயந்திரம் நடந்தது. காகிதத் துணிமணியும் காகிதப் பணமும் எரித்தார்கள். பாட்டி எனக்கும் கொஞ்சம் காகிதம் கொடுத்தார்.

பிப்ரவரி 2, ஞாயிறு

ரயிலில் இடமில்லை. படுக்கை பஸ். புது விரைவுச்சாலையில் ஏறியும் சைகோன் வாசலில் மூன்று மணி நேரம் நின்றோம். பாட்டி பிளாஸ்டிக் பையில் திராட்சையும் உப்பும் கட்டிக் கொடுத்திருக்கிறார்.

பிப்ரவரி 5, புதன். சைகோன்

பதினான்கு பேரும் வந்துவிட்டார்கள். 'யூ' கேட்ட பையன் பாட்டி கொடுத்த புது சட்டையில் வந்திருந்தான். அவனிடம் சொன்னேன்: உன் சந்தேகம் சரிதான், இங்கிலீஷில் எல்லாருக்கும் 'யூ'தான், ஆனால் பாட்டியிடம் பேசும்போது கூடவே 'கிராண்ட்மா' என்று சேர்த்துச் சொல்லு. தலையாட்டினான். 'பஸ்ஸு' முறையையும் சோதித்தேன். ஒன்பது பேருக்கு மெய் நின்றது.

வெளிநாட்டுக்குப் பாடம் சொல்லித்தரக் கிளம்புகிற நம் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஒப்பந்தத்தில் விடுமுறைப் பக்கத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். யாராவது வீட்டுக்குக் கூப்பிட்டால் போங்கள்.

வகுப்பு முடிந்து அலுவலகத்துக்குப் போனேன். எம் எழுதிக் கொடுத்த விண்ணப்பம், சட்டத்தின் 112ஆம் பிரிவைக் குறிப்பிட்டு. மேலாளர் இரண்டு முறை படித்தார். இந்தியப் புத்தாண்டா என்று கேட்டார். தமிழ்ப் புத்தாண்டு என்றேன். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஏப்ரல் 14, திங்கட்கிழமை, எனக்குச் சம்பளத்தோடு விடுமுறை.